வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி: சாட்பாட் வழியே வீட்டுக் கருவிகளை இயக்கத் தொடங்குவோருக்கு

படுத்த பிறகுதான் சந்தேகம் வரும்: பின்பக்கக் கதவைப் பூட்டினோமா? எழுந்து போய்ப் பார்க்கலாம். இல்லையென்றால் படுத்தபடியே போனை எடுத்து "பின் கதவு பூட்டியிருக்கா?" என்று கேட்கலாம். "பூட்டியிருக்கிறது. 9.40 முதல் யாரும் திறக்கவில்லை" என்று வீடே பதில் எழுதும். அந்த இரண்டாவது வழியை அமைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறைக்குள் நிற்பவருக்கு விளக்குப் போட சாட்பாட் வேண்டாம். சுவரில் சுவிட்ச் இருக்கிறது. ஒரு தட்டுப் போதும். போனைத் திறந்து, அரட்டையைத் தேடி, எழுதி அனுப்புவதற்குள் விளக்குப் போட்டு, வேலையை முடித்து, அணைத்தும் இருக்கலாம். சாட்பாட் கைகொடுப்பது வேறு இடங்களில்: வீட்டைப் பற்றிக் கேள்வி கேட்க, வெளியே இருக்கும்போது ஒன்றைச் செய்ய, வீடு தானாக நம்மிடம் ஒன்றைச் சொல்ல. கட்டளையை விடக் கேள்விக்குத்தான் இது அதிகம் உதவும் என்பது என் அனுபவம். ஆகவே பாட் சொல்லும் பதில் உண்மையாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றித்தான்.

என்னென்ன வேண்டும்

எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய கணினி வேண்டும். ராஸ்பெர்ரி பை போதும், சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பும் போதும். அதில் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை நிறுவுங்கள். பவுலுஸ் ஸ்கவுட்சன் 2013-இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் திட்டம் இது. 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. வெவ்வேறு நிறுவனங்களின் பல்பு, பிளக், சென்சார் எல்லாம் இதற்குள் ஒரே பட்டியலாக வந்து நிற்கும். நிறுவியதும் பிரவுசரில் அந்தக் கணினியின் முகவரியோடு 8123 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால் முகப்பு திறக்கும்.

தொடங்குவதற்கு ஒரு ஸ்மார்ட் பல்பு, ஒரு ஸ்மார்ட் பிளக், ஒரு கதவு சென்சார் இருந்தால் போதும். வைஃபையில் ஓடுவதானாலும் சரி, ஜிக்பீ என்ற குறைந்த மின்சாரக் கம்பியில்லா முறையில் ஓடுவதானாலும் சரி. ஜிக்பீ என்றால் கணினியில் செருக ஒரு யூஎஸ்பி டாங்கிள் கூடுதலாக வேண்டும்.

சுவருக்குள் ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு கருவி) வைக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் என்று அச்சிட்ட மலிவான பிளக்கில் அதை மணிக்கணக்கில் ஓட்டினால் பிளக் சூடேறி உருகலாம். ஹீட்டருக்கு 16 ஆம்பியர் தாங்கும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் வீட்டுக்குப் புரிய வையுங்கள்

பெரும்பாலோர் முதல் வேலையாக டெலிகிராம் பாட், அதாவது டெலிகிராம் செயலியில் நம் செய்திக்குத் தானாகப் பதில் சொல்லும் கணக்கு, ஒன்றை உருவாக்கிவிடுகிறார்கள். பிறகு எதுவும் நடக்காதபோது குறை பாட்டிலா, வீட்டிலா, வாக்கியத்திலா என்று தெரியாமல் திணறுகிறார்கள். நான் தலைகீழாகப் போகச் சொல்வேன். ஹோம் அசிஸ்டன்ட்டுக்குள்ளேயே 'அசிஸ்ட்' என்று ஓர் அரட்டைப் பெட்டி இருக்கிறது. வெளி இணையம் எதுவும் இல்லாமலே அதோடு பேசலாம். உங்கள் வாக்கியம் அங்கே வேலை செய்த பிறகு டெலிகிராமுக்குப் போங்கள்.

செட்டிங்ஸுக்குப் போய்ப் புதிய ஆட்டோமேஷன் ஒன்றைத் தொடங்குங்கள்; 'இது நடந்தால் அதைச் செய்' என்ற விதிதான் ஆட்டோமேஷன். விதியைத் தூண்டும் 'டிரிக்கர்' பட்டியலில் 'சென்டென்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்து இப்படி எழுதுங்கள்:

[ஹால்] (விளக்கை|லைட்டை|லைட்ட) (போடு|ஏற்று|ஆன் பண்ணு)

சதுர அடைப்புக்குள் இருப்பதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று பொருள். வட்ட அடைப்புக்குள் நேர்க்கோடு போட்டுப் பிரித்தவற்றில் ஏதாவது ஒன்று வர வேண்டும். இந்த ஒரே வரி 18 வகை வாக்கியங்களைப் பிடித்துக்கொள்ளும். செயல் என்ற இடத்தில் ஹால் விளக்கை ஆன் செய்யச் சொல்லுங்கள். சேமித்துவிட்டு அசிஸ்ட் பெட்டியில் "லைட்டை போடு" என்று எழுதிப் பாருங்கள். எரிகிறதா? சரி, பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒரு சின்னச் செய்தி: 1966-இல் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற அரட்டை நிரலை வெளியிட்டபோது அது செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான். வாக்கியத்தில் தெரிந்த சொல் அமைப்பு (அச்சு) இருக்கிறதா என்று பார்ப்பது, இருந்தால் அதற்கென்று வைத்திருக்கும் பதிலைத் தருவது. விளக்குப் போட இன்றும் அந்த அளவு அறிவு போதும்.

தமிழ் வைக்கும் சோதனை

ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றும்போது தமிழ் இடறும் இடம் இது. நம் மொழியில் பெயர்ச்சொல் தனியாக நிற்பதில்லை. வேற்றுமை உருபைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும், வரும்போது உருவமும் மாறும். ஹோம் அசிஸ்டன்ட்டில் ஓர் அறைக்குக் 'கூடம்' என்று பெயர் வைத்துவிட்டுக் "கூடத்தில் விளக்கைப் போடு" என்று எழுதினால் அந்த வாக்கியத்தில் 'கூடம்' என்ற சொல்லே இல்லை. மகரம் போய் 'அத்து' வந்துவிட்டது. கணினிக்கு இலக்கணம் தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், இல்லை என்று கைவிரிக்கும்.

இதற்குக் குறுக்கு வழி, ஒவ்வொரு அறைக்கும் கருவிக்கும் 'அலியாஸ்' என்ற மாற்றுப் பெயர்களைத் தாராளமாகக் கொடுப்பதுதான். கூடம், கூடத்து, கூடத்தில், ஹால், ஹாலில், ஹால்ல என்று எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். அழகான தீர்வு இல்லைதான், ஆனால் வேலை செய்யும்.

பைத்தான் நிரல்மொழியில் சொந்தமாகப் பாட் எழுதும் ஆசை உள்ளவர்கள், உருபை வெட்டிவிட்டு வேர் மட்டும் வாக்கியத்தில் இருக்கிறதா என்று தேடலாம் என நினைப்பார்கள். நானும் நினைத்தேன். 'விளக்க' என்ற எழுத்துகள் இருந்தால் விளக்கு என்று எடுத்துக்கொள் என்றேன். விளக்கு, விளக்கை, விளக்கில் எல்லாம் அழகாகப் பிடிபட்டன. ஒருநாள் வீட்டில் ஒருவர் "விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போடு" என்று எழுதப்போக, ஹால் விளக்கு எரிந்தது.

இதைவிட மோசமானது எதிர்மறை. "விளக்கை அணைக்காதே" என்பதற்குள் 'அணை' முழுசாக இருக்கிறது. வேர் தேடும் பாட் உடனே அணைத்துவிடும். "லைட்டை அணைச்சாச்சா?" என்பது கேள்வி, அதையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு அணைக்கும். ஆகவே சொந்தமாக எழுதுபவர்கள் வரிசையை மாற்றக் கூடாது: முதலில் 'ஆதே', 'வேண்டாம்' போன்றவை இருக்கின்றனவா என்று பாருங்கள், அடுத்து வாக்கியம் 'ஆ' என்ற வினா ஒலியிலோ கேள்விக்குறியிலோ முடிகிறதா என்று பாருங்கள், இரண்டும் இல்லை என்றால்தான் கட்டளை. ஹோம் அசிஸ்டன்ட்டின் சென்டென்ஸ் டிரிக்கர் முழு வாக்கியத்தையும் பொருத்திப் பார்ப்பதால் இந்தத் தொல்லை இல்லை. "அணைக்காதே" என்றால் எதோடும் பொருந்தாது, எதுவும் நடக்காது. புதியவர்களை நான் அந்தப் பக்கம் தள்ளுவதற்கு இதுவே காரணம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குழியும் உண்டு. 'போடு' என்பதில் உள்ள ஓகாரக் குறியை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில், இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாக, அல்லது இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. போன் விசைப்பலகையில் அடித்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் வரலாம். வாக்கியம் சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால், அந்தச் சொல்லை அழித்துவிட்டு விசைப்பலகையில் புதிதாக அடித்துப் பாருங்கள். பைத்தான்காரர்கள், வந்த வாக்கியத்தை முதலில் என்.எஃப்.சி. என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும். ஒரே வரி வேலை.

வீட்டில் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு சொல் இருக்கும். ஒருவர் அணை என்பார், ஒருவர் அமத்து என்பார், இன்னொருவர் ஆஃப் பண்ணு என்பார். எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. புரியாமல் போன வாக்கியங்களை எல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்து வைக்கும்படி அமையுங்கள். ஒரு வாரம் கழித்து அதைத் திறந்தால் உங்கள் வீட்டின் உண்மையான அகராதி கையில் இருக்கும்.

இப்போது பாட்

டெலிகிராமில் 'பாட்ஃபாதர்' என்று தேடுங்கள். நீலக் குறி உள்ள அதிகாரபூர்வக் கணக்கு அது. 'நியூபாட்' கட்டளையை அனுப்பினால் பெயர் கேட்கும், பிறகு பயனர்பெயர் கேட்கும். பயனர்பெயர் 'பாட்' என்ற ஆங்கில எழுத்துகளில் முடிய வேண்டும். அதில் வீட்டு முகவரியையோ குடும்பப் பெயரையோ வைக்காதீர்கள். பயனர்பெயரை யார் வேண்டுமானாலும் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

கடைசியில் நீளமான டோக்கன் ஒன்று வரும். அது வீட்டுச் சாவி மாதிரி. அதை வைத்திருப்பவர் உங்கள் பாட்டாகவே பேசலாம், பாட்டுக்கு வரும் செய்திகளைப் படிக்கலாம். உதவி கேட்டு எங்காவது ஸ்கிரீன்ஷாட் போடும்போது அது தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்துவிட்டதா, பதறாமல் பாட்ஃபாதரிடமே 'ரிவோக்' கட்டளை கொடுங்கள். பழைய டோக்கன் செத்துப் புதியது வரும்.

அடுத்து உங்கள் பாட்டின் அரட்டையைத் திறந்து 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். இதை மறந்தவர்கள்தான் "எல்லாம் சரியாகச் செய்தேன், ஆனால் பாட் செய்தி அனுப்பவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். டெலிகிராமில் பாட் தானாக முதலில் யாரிடமும் பேச முடியாது. நாம் ஒருமுறை வாய் திறந்த பிறகுதான் அது பேசும்.

ஹோம் அசிஸ்டன்ட்டில் டெலிகிராம் பாட் இன்டகிரேஷன் என்ற இணைப்பைச் சேர்த்து டோக்கனைக் கொடுக்கும்போது, 'போலிங்' வேண்டுமா 'வெப்ஹூக்' வேண்டுமா என்று கேட்கும். போலிங் என்று சொல்லுங்கள். வெப்ஹூக் என்றால் டெலிகிராம் சர்வர் வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டும், பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். பல இணையச் சேவைகள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால் அது முடியாமலும் போகலாம். போலிங்கில் உங்கள் கணினிதான் வெளியே போய் "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்கும். வீட்டுக்குள் யாரும் நுழைய ஒரு கதவையும் திறக்க வேண்டியதில்லை.

ஒரே டோக்கனை இரண்டு இடத்தில் போலிங் செய்யாதீர்கள். லேப்டாப்பில் சோதனைக்கு ஓட்டிய நிரலை நிறுத்தாமல் ராஸ்பெர்ரி பையிலும் தொடங்கினால் இரண்டும் மோதிக்கொள்ளும். 409 என்ற பிழை எண் வரும்.

யாரை உள்ளே விடுவது

டெலிகிராமில் ஒவ்வொரு அரட்டைக்கும் ஓர் எண் உண்டு. உங்கள் எண், குடும்பத்தாரின் எண்கள், இவற்றை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். மற்ற யார் பேசினாலும் பாட் வாய் திறக்கக் கூடாது. "உங்களுக்கு அனுமதி இல்லை" என்ற பதில்கூட வேண்டாம்; அங்கே ஒரு வீடு இருக்கிறது என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

குடும்பக் குழுவில் பாட்டைச் சேர்ப்பது வசதிதான். ஆனால் குழுவின் எண்ணை அனுமதித்தால் குழுவில் உள்ள எல்லோரையும் அனுமதித்ததாக ஆகும். யாரோ தூரத்து உறவினரைச் சேர்க்க, அவர் கையிலும் ஒரு சாவி. குழுவில் சேர்த்த பாட்டுக்கு இயல்பாக எல்லாச் செய்தியும் தெரியாது என்பதையும் கவனியுங்கள். சாய்வுக்கோட்டில் தொடங்கும் கட்டளைகளும் அதற்கென்று எழுதும் மறுமொழிகளும்தான் போய்ச் சேரும். மாற்ற வேண்டுமானால் பாட்ஃபாதரிடம் 'பிரைவசி' அமைப்பை அணைத்துவிட்டு, பாட்டைக் குழுவிலிருந்து நீக்கி மறுபடி சேர்க்க வேண்டும்.

பாட்டோடு பேசும் பேச்சு முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை; டெலிகிராம் சர்வரால் அதைப் படிக்க முடியும். டெலிகிராமின் ரகசிய அரட்டை பாட்டுகளுக்குக் கிடையாது. கதவுப் பூட்டின் ரகசிய எண் போன்றவற்றை அங்கே எழுதாதீர்கள்.

இரண்டையும் இணைத்தல்

இன்னொரு ஆட்டோமேஷன் வேண்டும். டிரிக்கர், 'டெலிகிராம் டெக்ஸ்ட்' என்ற ஈவென்ட். செயல் இரண்டு: வந்த வாக்கியத்தை 'கான்வர்சேஷன் பிராசஸ்' என்ற செயலுக்குக் கொடுப்பது, அது தரும் பதிலை எடுத்து அதே அரட்டைக்குத் திருப்பி அனுப்புவது. அவ்வளவுதான். அசிஸ்ட் பெட்டியில் புரிந்த எல்லாமே இப்போது டெலிகிராமிலும் புரியும். இனி எத்தனை வாக்கியம் சேர்த்தாலும் இந்த இணைப்பைத் தொட வேண்டாம்.

சென்டென்ஸ் டிரிக்கர் வைத்த ஆட்டோமேஷன்களில் பதிலை நாமே எழுத 'செட் கான்வர்சேஷன் ரெஸ்பான்ஸ்' என்ற செயல் இருக்கிறது. பாட் "டன்" என்று சொல்வதற்குப் பதிலாகத் தமிழில் ஒழுங்காக ஒரு வரி சொல்லட்டும். என்ன வரி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

'போட்டுவிட்டேன்' என்று எப்போது சொல்லலாம்?

ஊருக்குப் போயிருந்த நாளில் என் பாட்டிடம் ஹீட்டரை அணைக்கச் சொன்னேன். "அணைத்துவிட்டேன்" என்றது. திரும்பி வந்து பார்த்தால் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. பிளக் வைஃபையிலிருந்து நழுவியிருந்தது; கட்டளை போய்ச் சேரவே இல்லை. பாட் பொய் சொல்லவில்லை, பொய் சொல்லும்படி நான் எழுதியிருந்தேன்: கட்டளையை அனுப்பு, உடனே 'அணைத்துவிட்டேன்' என்று சொல். நடுவில் நடந்ததா என்று பார்க்கும் வரியே இல்லை.

கருவிகள் பேசும் முறையிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. எம்.க்யூ.டி.டி. என்பது 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் உருவாக்கிய எளிய செய்தி நெறிமுறை. வீட்டுக் கருவிகள் பலவும் இதில்தான் பேசுகின்றன. டாஸ்மோட்டா மென்பொருள் ஏற்றிய பிளக்கை எடுத்துக்கொண்டால், கட்டளை போகும் தடம் வேறு, நிலையைச் சொல்லும் தடம் வேறு. கட்டளைத் தடத்தில் "ஆஃப்" என்று போடுவது நாம். நிலைத் தடத்தில் "ஆஃப்" என்று திருப்பிச் சொல்வது பிளக். இரண்டாவது வந்தால்தான் வேலை நடந்திருக்கிறது.

ஹோம் அசிஸ்டன்ட்டில் இதைச் செய்வது சுலபம். அணைக்கும் செயலுக்குப் பிறகு 'வெயிட்' செயல் ஒன்றைச் சேருங்கள்: பிளக்கின் நிலை ஆஃப் ஆகும் வரை காத்திரு, அதிகம் போனால் 5 வினாடி. அப்படி ஆஃப் ஆனால் "ஹீட்டர் அணைந்துவிட்டது." ஆகாவிட்டால் "கட்டளை அனுப்பினேன், பிளக் பதில் சொல்லவில்லை. நேரில் பார்ப்பது நல்லது." கூடவே கருவியின் நிலை 'அன்அவெய்லபிள்' என்று இருந்தால் முயன்று பார்க்காமலே "பிளக் தொடர்பில் இல்லை" என்று சொல்லச் செய்யுங்கள்.

எல்லாக் கருவியும் திருப்பிப் பேசாது. ஏசியை இன்ஃப்ராரெட் ரிமோட் கருவி வழியே இயக்கினால் அது ஒருவழிப் பாதை. சைகை போகும், ஏசி வாங்கிக்கொண்டதா என்று யாருக்கும் தெரியாது. அங்கே பாட் "போட்டுவிட்டேன்" என்று சொல்லக் கூடாது. "அனுப்பிவிட்டேன்" என்றுதான் சொல்ல வேண்டும். உறுதி வேண்டுமானால் மின் அளவு காட்டும் மீட்டரை அந்த இணைப்பில் வைத்து, வாட் ஏறுகிறதா என்று பார்க்கலாம்.

கேள்விக்கும் இதே விதிதான். "ஜன்னல் மூடியிருக்கா?" என்றால் மூடியிருக்கிறது என்பதோடு எப்போதிலிருந்து என்பதையும் சொல்லட்டும். பேட்டரி தீர்ந்த சென்சார் இரண்டு நாளுக்கு முன் சொன்ன 'மூடியிருக்கிறது' என்ற பழைய செய்தி, நேரம் சேர்த்துச் சொன்னால்தான் பழையது என்று தெரியும்.

தாமதமாக வந்து சேரும் கட்டளை

இது பலர் யோசிக்காத ஒன்று. பாட் தொடர்பில் இல்லாதபோது வரும் செய்திகளை டெலிகிராம் சர்வர் 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். வீட்டில் இணையம் போயிருக்கும்போது வெளியிலிருந்து "ஹீட்டர் போடு" என்று அனுப்புகிறீர்கள். பதில் வரவில்லை. சரி, விட்டுவிடுகிறீர்கள். ஐந்து மணி நேரம் கழித்து இணையம் திரும்புகிறது. பாட் போய்க் கேட்கிறது. உங்கள் கட்டளை பத்திரமாக அங்கே காத்திருக்கிறது. யாரும் இல்லாத வீட்டில் ஹீட்டர் எரியத் தொடங்கும்.

ஒவ்வொரு செய்தியோடும் அது அனுப்பப்பட்ட நேரமும் வரும். இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டு, ஒரு நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் செயல்படுத்தாமல் "இது 5 மணி நேரப் பழைய செய்தி, விட்டுவிட்டேன்" என்று பதில் மட்டும் அனுப்பும் நிபந்தனையை இணைப்பு ஆட்டோமேஷனிலேயே வையுங்கள். சூடேறும் கருவி, கதவு இரண்டுக்கும் இது கட்டாயம்.

கதவைத் திறப்பது போன்றவற்றுக்கு நேரடிக் கட்டளை வேண்டாம். "வாசல் கதவைத் திறக்கட்டுமா?" என்று பாட் கேட்டு, கீழே 'திற', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான் காட்டட்டும். பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தரவுக்கு 64 பைட் எல்லை உண்டு. தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகும். 'படுக்கையறை விளக்கை அணைத்துவிடு' என்பதே 86 பைட் வந்துவிடும். பொத்தானின் மேல் தமிழை எழுதுங்கள், உள்ளே ஒரு சிறிய எண்ணை வையுங்கள். இரண்டு நாளுக்கு முன் வந்த பொத்தானை இன்று தவறுதலாகத் தொட்டால் கதவு திறக்கக் கூடாது, அதற்கும் ஒரு நிமிடக் கெடு வையுங்கள்.

வீடு முந்திக்கொண்டு பேசுவது

இங்கே கை அடங்க வேண்டும். ஆர்வத்தில் கதவு திறந்தது, மூடியது, விளக்கு எரிந்தது என்று எல்லாவற்றுக்கும் செய்தி வைத்தால் மூன்றாம் நாள் அந்த அரட்டையை ஊமையாக்கிவிடுவீர்கள். அப்புறம் நீர்க்கசிவு என்று செய்தி வந்தாலும் பார்க்கமாட்டீர்கள். நாம் எழுந்து போய் ஏதாவது செய்ய வேண்டிய செய்தி மட்டும் வரட்டும். வாசல் கதவு திறந்தால் வேண்டாம். 10 நிமிடம் திறந்தே கிடந்தால் வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்தின் பிளக்கில் மின் அளவு 5 வாட்டுக்குக் கீழே இறங்கி 3 நிமிடம் அப்படியே இருந்தால் "துணி தயார்" என்று வரலாம். 3 நிமிடக் காத்திருப்பு இல்லாவிட்டால், அலசலுக்கும் பிழிதலுக்கும் நடுவே இயந்திரம் சும்மா நிற்கும்போதெல்லாம் துணி தயாராகும்.

செய்தியோடு கேமராப் படம் ஒன்றையும் அனுப்பலாம். வாசலில் அசைவு என்ற சொல்லை விட ஒரு படம் சீக்கிரம் பதில் சொல்லும்.

பெரிய மொழி மாதிரியைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், கடைசியில். ஹோம் அசிஸ்டன்ட் 2024 முதல் பெரிய மொழி மாதிரிகள் (சாட்ஜிபிடி போன்றவற்றின் பின்னால் உள்ள செயற்கை நுண்ணறிவு) வீட்டுக் கருவிகளை இயக்க அனுமதிக்கிறது. வெளிச் சேவை வேண்டாம் என்றால் ஓலமா என்ற மென்பொருள் வழியே வீட்டுக் கணினியிலேயே ஒரு மாதிரியை ஓட்டலாம்; ராஸ்பெர்ரி பை அதற்குத் தாங்காது, நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி வேண்டும். வெளிச் சேவை என்றால் வீட்டுக் கருவிகளின் பெயரும் நிலையும் வெளியே போகும், அதை ஏற்றுக்கொள்வது உங்கள் முடிவு.

"கண் கூசுது" என்று எழுதினால் வெளிச்சத்தைக் குறைக்கும் சாமர்த்தியம் இதற்கு உண்டு. வாக்கிய அச்சு வைத்து என்றால் இப்படிப்பட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் நாமே முன்கூட்டி எழுதி வைக்க வேண்டும். ஆனால் செய்யாததைச் செய்தேன் என்று சொல்லும் பழக்கமும் இதற்கு உண்டு. அதனால் 'உள்ளூரில் முடிந்தால் உள்ளூரிலேயே முடி' என்ற பொருளில் ஒரு தேர்வு அசிஸ்ட் அமைப்பில் இருப்பதை ஆன் செய்யுங்கள். உங்கள் வாக்கியங்கள் முதலில் ஓடும். எதோடும் பொருந்தாதது மட்டும் மாதிரியிடம் போகும். முன்பு "அணைக்காதே" எதோடும் பொருந்தாமல் சும்மா விடப்பட்டது அல்லவா, இப்போது அதுவும் மாதிரியின் கைக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். மாதிரியின் கண்ணில் படும் கருவிகளை 20, 25-க்குள் நிறுத்துங்கள், பட்டியல் நீண்டால் சிறிய மாதிரிகள் குழம்பும். பூட்டு, ஹீட்டர் இரண்டையும் அதற்குக் காட்டவே காட்டாதீர்கள்.

பாட் வாய் திறக்காதபோது

செய்தி போகும் பாதை நீளமானது: போன், டெலிகிராம் சர்வர், வீட்டு ரவுட்டர், ஹோம் அசிஸ்டன்ட், கடைசியில் பல்பு. பழுது தேடும்போது பல்பு முனையிலிருந்து வாருங்கள். ஹோம் அசிஸ்டன்ட் முகப்பில் அந்த விளக்கைத் தட்டினால் எரிகிறதா? எரியவில்லை என்றால் பாட்டைத் தொடாதீர்கள், குறை கருவியில். எரிந்தால் அசிஸ்ட் பெட்டியில் அதே வாக்கியத்தை எழுதுங்கள். அங்கே புரியவில்லை என்றால் குறை வாக்கியத்தில். பெரும்பாலும் ஓர் உருபு, சில சமயம் அந்த இரட்டைக்கொம்பு. புரிந்தால், இணைப்பு ஆட்டோமேஷனின் 'டிரேஸ்' பக்கத்தைத் திறந்து கடைசியாக எப்போது ஓடியது என்று பாருங்கள். உங்கள் செய்தி அங்கே வரவே இல்லையா? இணையம் இருக்கிறதா, டோக்கன் மாறியதா, உங்கள் அரட்டை எண் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாருக்காவது விளக்கு வேண்டியிருக்கும். சுவரில் உள்ள சுவிட்சைக் கழற்றாமல் வைத்திருந்தீர்கள் என்றால் அவர் உங்களைக் கூப்பிட மாட்டார்.